நீலமலையில் வழியறிந்து செல்வோம்

மலைகளின் அரசி என்று புகழப்படும் உதகமண்டலத்தின் மடியில் வாழும் பேறு பெற்றவர்கள் நாம். கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளுக்குச் சமவெளியிலிருந்து உறவினர் வருவது வழக்கம். வருமுன் அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. "ஊட்டியைச் சுற்றிப் பார்க்க எத்தனை நாள் வேண்டும்? எந்த வழியாக வருவது நல்லது? இரயிலில் வருவதா, பஸ்ஸில் வருவதா?" இக்கேள்விகளுக்குச் சரியான விடை சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாள்தோறும் நடக்கும் வழிதானே என்று அதைப்பற்றி நாம் சிந்திப்பதில்லை. நம் மலையின் வழிகள் எப்படி உண்டாயின, அவற்றின் இயல்பு என்ன, அவற்றில் எப்படிச் செல்ல வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். சமவெளியில் தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்கலாம். மலையில் அந்தக் கணக்குச் செல்லாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சமவெளியில் இது ஒரு மணி நேரப் பயணம். இங்கோ பேருந்துக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆகும். காரணம், இந்தத் தூரத்திற்குள் வண்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் போல் முப்பது விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு உயரம்! ஆகவே மலையில் தூரத்தை ஏற்றத்தாலும் வளைவுகளாலும் மழையாலும் அளக்க வேண்டும். இதை உணர்ந்தவர் இன்பமாகச் சுற்றிப் பார்ப்பர். உணராதவர் விடுமுறையை வண்டிக்குள்ளேயே கழிப்பர்.

ஏரியும் நகரமும்

நீலகிரியின் முதல் வழிகள் ஒற்றையடிப் பாதைகளே. தோடர் பாலும் நெய்யும் கொடுத்தனர். கோத்தர் மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும் செய்தளித்தனர். படகர் தானியம் விளைவித்தனர். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொணர்ந்தனர். இப்பொருள்களைச் சுமந்து சென்ற கால்கள் போட்ட பாதைகள் இன்றும் ஹட்டிகளுக்கும் மந்துகளுக்கும் இடையே உள்ளன.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டு இம்மலைக்கு வந்தார். கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் முதலில் பங்களா கட்டினார். பின்னர் உதகைக்கு வந்து 1822-இல் கல் வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். இன்றைய அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் அது இருக்கிறது. உதகைப் பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளை மறித்து 1823-க்கும் 1825-க்கும் இடையே அவர் உண்டாக்கியதே நம் ஏரி. ஆகவே, பார்ப்பதற்கு இயற்கையாகத் தோன்றினாலும் அது மனிதர் கட்டிய ஏரி. தொடக்கத்தில் அது இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கும் இடங்கள் ஒரு காலத்தில் ஏரியின் தண்ணீர் நின்ற இடங்களே. பலத்த மழை பெய்தால் அப்பகுதியில் தண்ணீர் தேங்குவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இதனால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. பேருந்து நிலையம், இரயில் நிலையம், ஏரி ஆகிய மூன்றும் பள்ளத்தாக்கின் அடியில் அருகருகே அமைந்துவிட்டன. இரயிலை விட்டு இறங்கியவர் படகு இல்லத்திற்கு நடந்தே செல்லலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1973-இல் அங்கே படகு இல்லத்தை ஏற்படுத்தியது. மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என மூவகைப் படகுகள் உண்டு. ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலையில் காலை வேளையில் நடப்பது படகுப் பயணத்தைவிட இனிமையானது, செலவும் இல்லை.

பேருந்து நிலையத்திலிருந்து சேரிங் கிராஸுக்கு அரை மணி நேர நடை. அங்கிருந்து இன்னும் சிறிது தூரம் ஏறினால் தாவரவியல் பூங்கா. 1848-இல் தொடங்கிய இப்பூங்காவை உருவாக்கியவர் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர். ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்புடைய இதைக் காண அரை நாளாவது ஒதுக்க வேண்டும். மே மாதத்தில் இங்கே மலர்க் கண்காட்சி நடைபெறும். அந்நாட்களில் சேரிங் கிராஸில் கார்கள் நகர மாட்டா. நடந்து செல்வோரே முதலில் போய்ச் சேருவர்!

மலைக்கு ஏறும் ஐந்து வழிகள்

நம் மாவட்டத்திற்கு ஏறி வர முக்கியமான சாலைகள் ஐந்து. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இயல்புடையது.

முதலாவது குன்னூர்ச் சாலை. மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியார், குன்னூர் வழியாக வருவது. 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. 1830-களில் போடப்பட்ட பழைய பாதை மிகவும் செங்குத்தாக இருந்ததால், கர்னல் லா என்ற பொறியாளரைக் கொண்டு 1871-இல் இப்போதைய சாலை அமைக்கப்பட்டது. அவர் பெயரால்தான் குன்னூர் அருகே உள்ள அருவிக்கு லாஸ் அருவி என்று பெயர் வந்தது. இரயில் வருமுன் இச்சாலையில் டோங்கா எனப்பட்ட குதிரை வண்டிகள் ஓடின.

இரண்டாவது கோத்தகிரிச் சாலை. மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை, அரவேணு வழியாகக் கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். அங்கிருந்து கட்டபெட்டு வழியாக உதகைக்கு மேலும் 30 கிலோமீட்டர் அளவு. தூரம் சற்று அதிகம். ஆனால் வளைவுகள் அவ்வளவு நெருக்கமானவை அல்ல. சீசன் நாட்களில் காவல்துறையினர் ஒருவழிப் பாதை முறையை அறிவிப்பதுண்டு. அப்போது குன்னூர் வழியே ஏறி வருவோர் கோத்தகிரி வழியே இறங்க வேண்டியிருக்கும். இதைத் தண்டனையாகக் கருதாமல் வாய்ப்பாகக் கருதினால், போகிற வழியில் கேத்தரின் அருவியைக் கண்டு செல்லலாம்.

மூன்றாவது கூடலூர்ச் சாலை. உதகையிலிருந்து தலைகுந்தா, பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு 50 கிலோமீட்டர். மைசூரிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் நிலம்பூரிலிருந்தும் வரும் சாலைகள் கூடலூரில் வந்து கூடுகின்றன. 1932 முதல் மின்சாரம் தந்துவரும் பைக்காரா ஆறும், ஒரு காலத்தில் கொயினா மருந்துக்காகச் சின்கோனா மரம் வளர்த்த நடுவட்டமும் இவ்வழியில்தான் உள்ளன.

நான்காவது கல்லட்டிச் சாலை. தலைகுந்தாவில் பிரிந்து மசினகுடிக்கு இறங்குவது. உதகையிலிருந்து மசினகுடிக்கு 30 கிலோமீட்டர்தான். கூடலூர் வழியே போவதைவிடப் பாதிக்கும் குறைவான தூரம். ஆனால் அதற்குள் 36 கொண்டை ஊசி வளைவுகள்! "கிட்ட வழி" என்று நம்பி இறங்கியவர் பலர் விபத்துக்குள்ளாயினர். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் இப்பாதையில் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாட்கள் கழித்தே அது கண்டுபிடிக்கப்பட்டது. ஐவர் மாண்டனர், இருவர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டனர். அதன்பின் வெளியூர் வண்டிகள் இவ்வழியே இறங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டது. பழக்கமில்லாதவருக்கு இது வழியன்று என்பதை உறவினரிடம் நாம் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது மஞ்சூர்ச் சாலை. கோவைப் பக்கம் காரமடையிலிருந்து முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு 43 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறுவது. அடர்ந்த காட்டின் நடுவே செல்லும் இச்சாலையில் யானைகள் நடமாட்டம் மிகுதி. அழகில் குறைவில்லை, ஆனால் வண்டி பழுதானால் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது.

பல்சக்கரம் இழுக்கும் இரயில்

இந்த ஐந்து சாலைகளுக்கும் மேலாக நமக்கு ஓர் இரும்புப் பாதையும் உண்டு. மலைக்கு இரயில் விட வேண்டும் என்ற எண்ணம் 1854-லேயே எழுந்தது. செங்குத்தான மலையில் எப்படி ஏற்றுவது என்ற சிக்கலால் பல ஆண்டுகள் ஓடின. 1891-இல் வேலை தொடங்கி, 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் இரயில் ஓடியது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதற்குள் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தியாவில் பல்சக்கரத்தால் ஏறும் இரயில் இது ஒன்றே. அது எப்படி வேலை செய்கிறது? வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான சக்கரம் ஓரளவு ஏற்றம் வரைதான் பிடித்து ஏறும்; அதற்கு மேல் வழுக்கும். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏற வேண்டிய இடங்கள் உள்ளன. எனவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டை அருகருகே பதித்துள்ளனர். இன்ஜினின் அடியிலுள்ள பற்சக்கரம் அந்தப் பற்களில் கடித்துக்கொண்டு உருளும். இரு சட்டங்களின் பற்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் சற்று முன்பின்னாக அமைந்திருக்கின்றன. ஆகவே ஒரு பல் விடுபடும்போது மற்றொரு பல் பிடித்திருக்கும். ஏணியில் ஏறுபவர் ஒரு கையை விடுமுன் மறுகையால் பற்றிக்கொள்வது போல என்று நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விந்தை: ஏறும்போது இன்ஜின் முன்னே நின்று இழுப்பதில்லை; பின்னே நின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழ்நோக்கி உருண்டு போய்விடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். அது போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போடுவதற்கு ஓர் ஊழியர் நிற்கிறார். பழைய நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் உள்ள வின்டர்தூரில் செய்யப்பட்டவை. பின்னாளில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதியவற்றைக் கட்டினர். குன்னூரில் பல்சட்டம் முடிகிறது. அதற்குமேல் டீசல் இன்ஜின் இரயிலை வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், பெர்ன்ஹில் வழியாக உதகைக்குக் கொண்டு வருகிறது.

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் புறப்படும் இரயில் உதகை வந்து சேர நண்பகல் ஆகிவிடும். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகம்தான். விரைவை விரும்புவோர்க்கு இது ஏற்றதன்று; மலையைக் காண விரும்புவோர்க்கு இதைப் போன்றது வேறில்லை. பாக்கு மரமும் பலா மரமும் நிற்கும் கல்லாற்றில் தொடங்கி, காட்டைக் கடந்து, தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறி, உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் கேத்திப் பள்ளத்தாக்கைக் காட்டி, குளிர்ந்த உதகையில் கொண்டு விடுகிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு டிகிரியளவு குறையும் என்று புவியியலில் படிக்கிறோம். அந்தப் பாடத்தை ஐந்து மணி நேரத்தில் உடலாலேயே கற்றுக்கொள்ளலாம்!

இருக்கைகள் குறைவாதலால் முன்பதிவு செய்வது அவசியம். மேட்டுப்பாளையத்திலிருந்து இடம் கிடைக்காதவர் மனம் தளர வேண்டாம். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே நாளில் சில முறை இரயில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும் அந்தப் பயணமே பாதி மலையைக் காட்டிவிடும்.

பேருந்து என்னும் உயிர்நாடி

சுற்றுலா வருவோர்க்கு இரயில். நமக்கோ பேருந்துதான் உயிர்நாடி. 1972-இல் தொடங்கிய சேரன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1997 முதல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகமாக ஓடுகிறது. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களிலிருந்து மஞ்சூர், எமரால்டு, கொலக்கொம்பை, கீழ்கோத்தகிரி, பந்தலூர் என்று மலையின் மூலைமுடுக்கெல்லாம் பேருந்துகள் செல்கின்றன.

அந்தப் பேருந்தில் யார் வருகிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள், நியாயவிலைக் கடையில் வாங்கிய மூட்டையோடு வருவோர், பள்ளிப் பையோடு நாம். எஸ்டேட் லயங்களில் வாழும் மாணவியர்க்கு மாலைப் பேருந்து தவறினால் அடுத்த பேருந்துக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அல்லது காட்டெருமை மேயும் தேயிலைக் காட்டு வழியே இருட்டில் நடக்க வேண்டும். நேரத்திற்கு வரும் பேருந்தே பல பெண்களின் படிப்பைக் காத்திருக்கிறது என்றால் அது மிகையாகாது.

2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. ஆனால் மலைப்பகுதியில் ஓடும் பெரும்பாலான பேருந்துகள் நகரப் பேருந்து வகையில் சேராதவை. அதனால் அந்தச் சலுகை நம் தாய்மார் பலருக்கு உடனே கிட்டவில்லை. 2024-இல் அது மலைப்பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. நாட்கூலியில் ஒரு பகுதியைப் பேருந்துக்கே கொடுத்து வந்த பெண்களுக்கு அது எத்தகைய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உறவினர்க்கும் பேருந்தையே பரிந்துரைக்கலாம். உதகையிலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அடிக்கடி பேருந்து உண்டு. சீசனில் முக்கிய இடங்களைச் சுற்றிக்காட்டும் பேருந்துகளையும் போக்குவரத்துக் கழகம் விடுவதுண்டு. நாற்பது பேர் பத்துக் கார்களில் வருவதற்கும் ஒரே பேருந்தில் வருவதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறுகிய மலைச்சாலையில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஒரு மலை, இரண்டு மழை

எப்போது வரலாம் என்ற கேள்விக்கு விடை சொல்ல, நீலகிரியின் மழையை அறிய வேண்டும். நம் மலை இரண்டு பருவமழைகளையும் பெறுகிறது. ஆனால் ஒரே இடத்தில் அல்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்க்கிறது. கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி ஆகியவை அப்போது நனைந்துகொண்டே இருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்தது. அந்நேரம் கிழக்கே கோத்தகிரியில் அவ்வளவு மழை இராது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைத் தாக்கும். மலைச்சரிவு ஊறி, மண் இளகி, பாறையும் மரமும் சாலையில் விழும். 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே ஏற்பட்ட நிலச்சரிவு சாலையையும் இரயில் பாதையையும் அழித்ததோடு பல உயிர்களையும் கொண்டுபோயிற்று. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இம்மாதங்களில் மலை இரயில் பல நாட்கள் நிறுத்தப்படுவதும் இதனாலேயே.

எனவே ஜூன், ஜூலையில் வருவோர் கிழக்குப் பக்கமாகக் கோத்தகிரி, குன்னூர் ஆகியவற்றைப் பார்க்கட்டும். நவம்பரில் வருவோர் புறப்படுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளட்டும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் தலைகுந்தாவின் புல்வெளி உறைபனியால் வெள்ளை வெளேரென்று இருக்கும். கம்பளிச் சட்டை உள்ளவர்க்கு அது கண்கொள்ளாக் காட்சி!

மலைப் பயணத்தின் இலக்கணம்

மலைச்சாலையில் வண்டி ஓட்டுவோர் அறிய வேண்டிய இலக்கணம் ஒன்று உண்டு. ஏறும் வண்டிக்கே முதலிடம். இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே காரணம். வளைவில் ஒலி எழுப்ப வேண்டும்; முந்தக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பதாகும். சமவெளி ஓட்டுநர் பலர் வண்டியை வேகமாக உருளவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகின்றனர். இரண்டு கைகளையும் வேகமாக உரசினால் சூடாகிறது அல்லவா? அதுபோல் இடைவிடாமல் உரசும் பிரேக் கொதித்துப் பிடிமானத்தை இழந்துவிடும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். 2023 செப்டம்பர் 30-இல் தென்காசிப் பகுதியைச் சேர்ந்த சுற்றுலாப் பயணிகளோடு இறங்கிய பேருந்து மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து எட்டுப் பேருக்கு மேல் உயிரிழந்தனர். இப்பாதை எவ்வளவு கவனத்தைக் கேட்கிறது என்பதற்கு அது துயரமான சான்று.

பயணிகளுக்கும் சில குறிப்புகள். வளைவுகளில் தலைசுற்றி வாந்தி வருவது ஏன்? காதின் உள்ளே உடலின் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. வண்டி வளைவதை அது உணர்கிறது. ஆனால் வண்டிக்குள்ளே புத்தகத்தையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், அசைவே இல்லை என்று சொல்கிறது. இரண்டும் முரண்படுவதால் மூளை குழம்புகிறது. ஆகவே முன் இருக்கையில் அமர்ந்து, தொலைவில் சாலையைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். வயிறு முட்டவும் உண்ணக் கூடாது. வெறும் வயிற்றோடும் வரக் கூடாது. உயரம் ஏறக் காற்றழுத்தம் குறைவதால் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும்; குழந்தைகளுக்கு மிட்டாய் ஒன்று கொடுத்தால் போதும்.

முதுமலை வழியே மைசூர் செல்லும் சாலை இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை மூடப்பட்டிருக்கும். இரவு விலங்குகளின் நேரம். பகலிலும் வண்டியை நிறுத்தி யானைக்கோ குரங்குக்கோ தீனி போடக் கூடாது. குடிநீருக்குப் பிளாஸ்டிக் புட்டிகளைக் கொண்டுவரக் கூடாது. நம் மாவட்டத்தில் அவற்றுக்குத் தடை உண்டு. உறவினர் புறப்படும்போதே எவர்சில்வர் புட்டி எடுத்துவரும்படி சொல்லிவிட்டால், சோதனைச் சாவடியில் அவர்கள் சங்கடப்பட நேராது.

இ-பாஸ் ஏன்?

"சொந்த நாட்டில் ஊட்டிக்கு வர அனுமதிச் சீட்டா?" என்று சிலர் சலித்துக்கொள்கின்றனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்கள் இணையத்தில் பதிவு செய்து இ-பாஸ் பெற வேண்டும் என்ற முறை வந்தது. 2025 கோடையில், நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்களுக்கு மட்டுமே அனுமதி என்று வரம்பும் கட்டப்பட்டது. அரசுப் பேருந்திலும் இரயிலிலும் வருவோர்க்கு இ-பாஸ் தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதர் வருவதை யாரும் தடுக்கவில்லை; வண்டிகள் பெருகுவதைத்தான் கட்டுப்படுத்துகின்றனர்.

ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? சமவெளியில் ஒரு சாலை அடைபட்டால் பக்கத்துத் தெரு உண்டு. மலையில் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். மாற்றுவழி மறுமலையில் இருக்கும். அந்த ஒரே சாலையில்தான் பறித்த அன்றே தொழிற்சாலைக்குச் சேர வேண்டிய பசுந்தேயிலை போகிறது. தாமதித்தால் கொழுந்து வெந்து கெட்டுவிடும். அதே சாலையில்தான் காரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. உதகையில் 2025 ஏப்ரலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது நமக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ நோயுற்ற ஒருவரை ஏற்றி வரும் ஆம்புலன்ஸ் அந்த வாகன வரிசையைத் தாண்டித்தான் வர வேண்டும். விடுமுறைக்கு வருவோர்க்கு ஒரு மணி நேரத் தாமதம் சலிப்பைத் தரும். நோயாளிக்கோ அது உயிர்ப் பிரச்சினை.

உறவினர்க்கு நம் விடை

இனி, தொடக்கத்தில் கண்ட கேள்விகளுக்கு விடை கூறலாம். உதகைக்கு மூன்று நாட்களாவது ஒதுக்க வேண்டும். முதல் நாள் நகரத்தை நடந்தே பார்க்கலாம்: காலையில் ஏரி, பிறகு சேரிங் கிராஸ், பிற்பகலில் தாவரவியல் பூங்கா. இரண்டாம் நாள் இரயிலில் குன்னூருக்கு இறங்கி, 1874-இல் அமைந்த சிம்ஸ் பூங்காவையும், லாம்ஸ் ராக், டால்பின் மூக்கு ஆகிய காட்சிமுனைகளையும் கண்டு, பேருந்தில் திரும்பலாம். மூன்றாம் நாள் ஒரே ஒரு திசையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தொட்டபெட்டாவைக் காலையில் பார்த்துவிட்டுக் கோத்தகிரிக்குப் போகலாம். அல்லது பைக்காராவுக்குப் போகலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவை மேகம் மூடுமுன் முற்பகலிலேயே காண்பது நலம். இத்துடன் கார் பயணம் எத்தனை குறைகிறதோ அத்தனைக்குச் செலவும் களைப்பும் குறையும் என்பதையும் சொல்லுங்கள்.

அன்புத் தோழியரே! சுற்றுலா வருவோரால் நம் மாவட்டத்தில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆகவே விருந்தினரை இன்முகத்துடன் வரவேற்பது நம் கடமை. அதே வேளையில் இச்சாலைகள் வெறும் சுற்றுலாப் பாதைகள் அல்ல. கொழுந்து பறிக்கும் தாயும், உழவரும், நோயாளியும், பள்ளி மாணவியும் நாள்தோறும் நம்பி வாழும் பாதைகள் என்பதை அவர்களுக்கு அன்போடு எடுத்துச் சொல்வதும் நம் கடமையே. வழிகாட்டுபவர் முதலில் வழியை அறிந்திருக்க வேண்டும். நம் மலையின் வழிகளை நாம் கற்போம், வருவோர்க்குக் கற்பிப்போம், நீலமலையைக் காப்போம்!